பொன்னுக்கு வீங்கி

‘பொன்னுக்கு வீங்கி’ என்ற பெயருக்குள்ளேயே மருந்தும் இருக்கிறது. காதடியில் கன்னம் உப்பிய பிள்ளையின் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வீக்கம் வற்றிவிடும் என்பது நம்பிக்கை. ‘பொன்னுக்கு’ என்றால் பொன்னை வேண்டி. ‘வீங்கி’ என்பது உண்ணி, கொல்லி போல வினையிலிருந்து பிறந்த பெயர். வீட்டில் குந்துமணிப் பொன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியாவது போட்டுவிட்டார்கள். சங்கிலிக்குப் பேர் கிடைத்ததில் வியப்பில்லை. பொன்னுக்கு வீங்கி ஒரு வைரஸ் நோய். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே வடியும். வெள்ளிக் கொலுசு போட்டிருந்தாலும் வடிந்திருக்கும்.

ஈழத்தில் இது ‘கூகைக்கட்டு’. கழுத்தும் கன்னமும் ஒன்றாகிப்போன முகம் கூகையை நினைவூட்டியிருக்கும் என்றே தோன்றுகிறது. கன்னடத்தில் ‘மங்கன பாவு’, அதாவது குரங்கு வீக்கம். ‘தாளம்மை’, ‘புட்டாளம்மை’ என்ற பெயர்களும் நம்மிடம் உண்டு. கொப்புளமே போடாத நோய் அம்மைக் குடும்பத்தில் சேர்ந்தது, அது பிள்ளைக்குப் பிள்ளை தொற்றியதைக் கண்டதால் இருக்கலாம். வைரஸ்தான் காரணம் என்று ஜான்சன், குட்பாஸ்சர் என்ற ஆய்வாளர்கள் காட்டியது 1934இல்.

கன்னம் எதனால் வீங்கினாலும் இந்தப் பெயரையே ஒட்டிவிடுவதுதான் சிக்கல். வீங்கிய இடத்தைப் பார்க்க வேண்டும். பொன்னுக்கு வீங்கியில் வீங்குவது காதுக்கு முன்னும் கீழும் படர்ந்த உமிழ்நீர்ச் சுரப்பி. காது மடலின் கீழ்நுனி மேலெழும்பும்; தாடையின் முனை விரலுக்குத் தட்டுப்படாது; எலுமிச்சை நாக்கில் பட்டாலே சுரீரென்னும். பெரும்பாலும் ஒரு பக்கம் தொடங்கி இரண்டொரு நாளில் மறுபக்கமும் வீங்கும். சொத்தைப் பல்லில் சீழ் கட்டியதென்றால் வீக்கம் பெரும்பாலும் முன்கன்னத்திலோ தாடையோரத்திலோ இருக்கும், அந்தப் பல்லைத் தட்டினால் உயிர் போகும். சாப்பிடும்போதெல்லாம் வீங்கிப் பிறகு வடிந்தால் உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்திருக்கலாம். பல் சீழுக்குச் சங்கிலி போட்டுக் காத்திருந்தால் அது கழுத்துக்கு இறங்கி மூச்சையே அடைக்கக்கூடும்.

பருவம் வந்த ஆண்களுக்கு இந்நோயில் விரை வீங்குவதும் உண்டு. கிரேக்கத்தின் தாசோஸ் தீவில் பரவிய காதோர வீக்கத்தைப் பற்றி எழுதிய ஹிப்போகிரட்டீஸ் நூலே இதைக் குறித்திருக்கிறது. பெரியவர்களுக்கு வந்தால் விளையாட்டல்ல. எம்.எம்.ஆர். தடுப்பூசி இதற்கும் சேர்த்துத்தான். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டுமான எம்.ஆர். ஊசி இதைத் தடுக்காது. பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் இரண்டில் எது என்று பார்த்துக்கொள்ளலாம்.