காலடியில் சுற்றும் இரும்பு

1970 மார்ச் 8. கலிஃபோர்னியாவில் லாங் பீச் நகரை ஒட்டிய லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப். டான் கார்லிட்ஸ் தன்னுடைய 'ஸ்வாம்ப் ராட் 13' காரைக் கிளப்பிய கணத்தில், அவர் கால்களுக்கு நடுவே இருந்த கியர்பாக்ஸ் வெடித்தது. கார் இரண்டாகப் பிளந்தது. வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. பார்க்க வந்திருந்த ஒருவருக்கும் துண்டு பறந்து வந்து பட்டு பலத்த காயம்.

டிராக் பந்தயம்பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற கதை இது. நான் தேடிப் போனது இதற்கு முந்தைய கதையை. அதில் வில்லன் கியர்பாக்ஸ் இல்லை, கிளட்ச்சும் ஃபிளைவீலும்.

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், மணியைக் கவிழ்த்த மாதிரி ஒரு கூடு இருக்கும். அதுதான் பெல் ஹவுசிங். உள்ளே ஃபிளைவீல், அதன்மேல் கிளட்ச். சாதாரண காரில் அந்தக் கூட்டுக்கு ஒரே வேலைதான்: இரண்டையும் பிடித்துக்கொண்டு, தூசி போகாமல் பார்த்துக்கொள்வது. வார்ப்பிரும்போ அலுமினிய வார்ப்போ போதும்.

1950களில் அமெரிக்க இளைஞர்கள் இந்த சாதாரண கார்களின் இன்ஜினைத்தான் எடுத்து முறுக்கினார்கள். 4000 சுற்றுக்கு வார்த்த ஃபிளைவீல் 8000 சுற்று சுற்றியது. இரண்டு மடங்குதானே என்று தோன்றும். ஆனால் சக்கரத்தைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதாவது நான்கு மடங்கு. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 செ.மீ. விட்டமுள்ள ஃபிளைவீல் நிமிடத்துக்கு 8000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 450 கி.மீ. வேகத்தில் போகிறது. கார் அசையாமல் நிற்கும்போதே இந்த வேகம்! வார்ப்பிரும்பு இழுவிசையைத் தாங்குவதில் மட்டம். கிளட்ச் உரசிச் சூடேறி மேலே மயிரிழை விரிசல்கள் விழுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அப்படி உடைந்தால் பெல் ஹவுசிங் காப்பாற்றுமா? கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து உள்ளே வெடி வைத்தால் என்ன ஆகும்? அதுதான். வார்ப்புக் கூடு தானும் சில்லுசில்லாகி, துண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டும். கூட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பது ஓட்டுநரின் பாதங்கள்.

முதல் வைத்தியம் பட்டறை வைத்தியம். கால் அங்குல எஃகுத் தகட்டை வளைத்து, பற்றவைத்து, கூட்டைச் சுற்றி மாட்டினார்கள். ஸ்கேட்டர் ஷீல்டு என்று பெயர். கனம் கூடும், வேகம் ஒரு துளியும் கூடாது. பந்தயக்காரனிடம் இதைத் தானாக மாட்டிக்கொள் என்றால் மாட்டுவானா? எல்லோருக்கும் ஒரே கனம் என்று விதி வந்தால்தான் நடக்கும். பந்தயங்களை நடத்திய என்.எச்.ஆர்.ஏ. அந்த விதிகளைக் கொண்டுவந்தது.

தகட்டில் ஒரு சிக்கல் இருந்தது: பற்றவைத்த இடம்தான் முதலில் பிளக்கும். 1960களில் ஓஹையோ மாநிலத்து ஜோ ஷூபெக், தன் லேக்வுட் நிறுவனத்தின் மூலம் வேறு வழியில் போனார். திரவ அழுத்தத்தால் ஒரே எஃகுத் தகட்டை அச்சில் அமுக்கிக் கூடாக்கும் ஹைட்ரோஃபார்மிங் முறை. தையல் இல்லாத சட்டை மாதிரி. கடினமான எஃகு அல்ல, இழுபடும் எஃகு. துண்டு மோதினால் புடைக்கும், உடையாது. என் கணிப்பில் இந்த வரலாற்றின் திருப்பம் இதுதான். எதிர்த்து நிற்கிற இரும்பைவிட வளைந்துகொடுக்கிற இரும்பு பாதங்களைக் காத்தது.

அதே காலத்தில் கிளட்ச்சும் மாறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் கிளட்ச் சட்டென்று கவ்வும், டயர் தடம் முழுக்கப் புகையும். ஸ்லைடர் கிளட்ச் வந்தபிறகு டயருக்குப் பதில் கிளட்ச்சே வழுக்கியது. கார் வேகமாகப் போனது. ஆனால் அந்தச் சூடு முழுக்க எங்கே போகும்? கூட்டுக்குள்தான். மலைப்பாதையில் அரை கிளட்ச்சில் ஏறும் லாரியின் கருகல் நாற்றம் தெரியும்தானே, அதை ஆயிரக்கணக்கான குதிரைசக்தியோடு நினைத்துப் பாருங்கள். கூட்டை வலுவாக்க வலுவாக்க, உள்ளே இருப்பதும் மோசமாகிக்கொண்டே வந்தது.

பிறகு தரச்சான்று. உதிரிபாகத் தயாரிப்பாளர்கள் சங்கமான சீமாவின் வேலையிலிருந்து கிளைத்து, 1978இல் எஸ்.எஃப்.ஐ. அறக்கட்டளை உருவானது. அதன் தர எண் 1.1 ஃபிளைவீலுக்கும் கிளட்ச்சுக்கும் உரியது. 6.1 பெல் ஹவுசிங்குக்கு. சான்று பெற்ற கூட்டை, கனம் குறைக்கிறேன் பேர்வழி என்று அறுக்கவோ அமிலத்தில் இழைக்கவோ கூடாது. இப்படி ஒரு தடை எழுதவேண்டி வந்திருக்கிறதென்றால், செய்து பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்!

கார்லிட்ஸ் என்ன ஆனார்? மருத்துவமனையில் படுத்தபடியே இன்ஜினை முதுகுக்குப் பின்னால் வைக்கும் காரை யோசித்தார். மற்றவர்கள் முன்பே முயன்று, நேராக ஓடவில்லை என்று கைவிட்ட யோசனை அது. ஸ்டீயரிங்கின் துடிப்பைக் குறைத்ததும் கார் வழிக்கு வந்தது. 1971இல் அந்தக் காரில் விண்டர்நேஷனல்ஸ் பந்தயத்தை வென்றார். சில ஆண்டுகளில் டாப் ஃபியூயல் வகையில் முன்பக்க இன்ஜின் கார்கள் காணாமல் போயின.

ஃபன்னி கார் வகையில் மட்டும் இன்றும் இன்ஜின் முன்னால்தான். ஓட்டுநர் அதன் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், கிளட்ச் அவர் காலுக்குப் பக்கத்திலேயே சுற்றுகிறது.