ஊர் கேட்டதும் ஊருக்கு வந்ததும்

மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட் கிராமச் சுகாதாரத் திட்டத்தையும் நேபாளத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர் திட்டத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது வழக்கம். இரண்டிலும் அதிகம் படிக்காத கிராமத்துப் பெண்கள்தான் முன்களத்தில் நிற்கிறார்கள். இரண்டுக்கும் வெளிநாட்டுப் பணமும் அறிவும் துணை நின்றன. ஆனால் முடிவெடுத்தது யார் என்று கேட்டால் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

வேலூர் சி.எம்.சி.யில் படித்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதி ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பொதுச் சுகாதாரம் பயின்று வந்து, 1970-இல் ஜாம்கேடில் பணியைத் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற செவிலியரைக் கிராமங்களில் அமர்த்திப் பார்த்தது சரிப்படவில்லை. பிறகு சுகாதாரப் பணிக்கு ஒவ்வோர் ஊரும் தன் பெண்ணைத் தேர்ந்து அனுப்பியது. பலர் தலித்துகள். வாரந்தோறும் ஜாம்கேடுக்கு வந்து, சாதி பாராமல் சேர்ந்து உண்டு, தங்கிப் பாடம் கற்றார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் வறட்சி வந்தபோது ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன; அவை தலித் குடியிருப்புகளில் அமையும்படி ஆரோலே தம்பதி பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் மேல்சாதிக்காரரும் குடத்தோடு அந்தத் தெருவுக்குத்தான் வரவேண்டும். வயிற்றுப்போக்கைக் குறைக்க நல்ல தண்ணீர் உதவும், அது எந்தத் தெருவில் கிடைத்தாலும். எந்தத் தெருவில் தோண்டுவது என்பதை எந்த நிதி நிறுவனமும் தன் படிவத்தில் கேட்காது. தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புக்கு 176 ஆக இருந்த சிசு மரணம், தொண்ணூறுகளில் முப்பதுக்கும் கீழே வந்தது. இங்கே அறிவு எதிர்த்திசையிலும் ஓடியது: உலக சுகாதார நிறுவனம் 1975-இல் வெளியிட்ட நூலில் ஜாம்கேட் இடம்பெற்றது, மூன்றே ஆண்டில் ஆரம்ப சுகாதாரம் குறித்த அல்மா ஆட்டா உலக மாநாடு கூடியது.

நேபாளத்தில் 1988-இல் அரசே இறங்கியது. தன்னார்வலரைத் தேர்வது ஊரின் தாய்மார் குழு. சர்லாஹி மாவட்டத்தில் நடந்த ஆய்வு, வைட்டமின் ஏ கொடுத்தால் குழந்தை இறப்பு சுமார் 30 விழுக்காடு குறையும் என்று 1991-இல் காட்டியது. 1993-இல் யுனிசெஃப், அமெரிக்க உதவி நிறுவனம் ஆகியவற்றின் துணையோடு தேசியத் திட்டம் பிறந்தது. ஆண்டுக்கு இருமுறை, கத்தரிக்கோலால் வைட்டமின் கேப்சூலின் நுனியை வெட்டி, எண்ணெயைக் குழந்தையின் வாயில் பிழிந்து விடுகிறார் தன்னார்வலர். எளிய வேலைதான். ஆனால் மலைக்கிராமங்கள் வரை சுமார் 50,000 பெண்கள் இதைச் செய்கிறார்கள். இந்தப் பரப்பு ஜாம்கேடுக்கு வாய்த்ததில்லை. ஜாம்கேடின் ஆழமோ எளிதில் நகலெடுக்க முடியாதது.

என் கணிப்பில் நேபாளத்தின் குறை, ஆளைத் தேர்வதோடு ஊரின் பங்கு பெரும்பாலும் முடிந்துவிடுவதுதான். எந்த நோய், எந்த மருந்து, எந்த மாதம் என்பதெல்லாம் காத்மாண்டுவிலும் நன்கொடையாளர் மேசையிலும் முடிவாகின்றன. ஊர் கையைத் தருகிறது, வாயைத் தருவதில்லை. அந்தக் கைகளுக்கும் சீருடைப் படி, பயிற்சிப் படி போன்றவை உண்டு. ஆனால் தேசிய அளவில் முறையான மாதச் சம்பளம் கிடையாது.