மல்லாட்டையும் மகாகவியும் வந்த பாதை: புதுச்சேரி ரயிலின் கதை

ரயில் ரசிகர்களுக்கு ஒரு சின்ன சவால்.

ஒருநாள் லீவு போட்டு இன்ஜின் பார்க்கக் கிளம்பணும்னா எங்க போவீங்க?

சென்னை சென்ட்ரல், அரக்கோணம், ஈரோடுன்னு சொல்வீங்க. நான் சொல்றது விழுப்புரம் - புதுச்சேரி. வெறும் 38 கிலோமீட்டர் கிளைப்பாதை. பாசஞ்சர் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தா ஒரு மணி நேரம் போல ஆகும். ஆனா அதுக்குள்ள ரெண்டு சாம்ராஜ்யங்களோட கதை இருக்கு.

விழுப்புரத்திலிருந்தே ஆரம்பிப்போம்.

இங்கிருந்து ஐந்து திசைகளில் பாதை பிரியுது. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி. நாள் முழுக்க நின்றாலும் அலுக்காத ஜங்ஷன்.

இன்ஜின் மேல எழுதியிருக்கும் எழுத்துகளைக் கவனிங்க. டபிள்யூஏபி-7 என்றால், டபிள்யூ அகலப்பாதை, ஏ மாறுதிசை மின்சாரம், பி பயணிகள் வண்டி. முதல் எழுத்து ஒய் என்றிருந்தால் அது மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர்தான். அகலப்பாதையில் 1676.

சென்னை கடற்கரையிலிருந்து இதே விழுப்புரம் வரை ஒருகாலத்தில் ஒய்ஏஎம்-1 என்ற மின்சார இன்ஜின்கள் ஓடின. இந்தியாவில் மீட்டர் கேஜ் மெயின் லைனில் மின்சார இன்ஜின் ஓடியது இங்கே மட்டும்தான். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்ப புதுச்சேரி வண்டியில் ஏறுங்க.

இந்தப் பாதை திறக்கப்பட்ட ஆண்டு 1879. தாது வருஷப் பஞ்சம் (1876-78) சென்னை மாகாணத்தைச் சூறையாடி முடித்த கையோடு வந்த ரயில் இது.

பாதையில் பெரும்பகுதி பிரிட்டிஷ் மண்ணில். கடைசிப் பகுதி பிரெஞ்சு மண்ணில். பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த தண்டவாளம் 'பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனி' என்ற தனிக் கம்பெனியின் சொத்து. ஆனால் வண்டியை ஓட்டியது பிரிட்டிஷாரின் தென்னிந்திய ரயில்வே. இடம் பிரான்சுடையது, இன்ஜின் இங்கிலாந்துக்காரனுடையது!

ஜென்மப் பகையாளிகள் எதுக்காகக் கைகோத்தாங்க?

வியாபாரம்தான். நம்ம தென்னாற்காடு பக்கம் விளைஞ்ச மல்லாட்டை (அதாங்க, வேர்க்கடலை) மூட்டை மூட்டையாக புதுச்சேரித் துறைமுகத்துக்குப் போச்சு. அங்கிருந்து கப்பலேறி பிரான்சின் மார்செய் நகரத்துக்கு. அங்கே ஆட்டி எண்ணெயாக்கி, சோப்பு செஞ்சாங்க. நம்ம வானம் பார்த்த பூமியில் விளைஞ்ச கடலை, மார்செய் ஆலைகளில் நுரையாச்சு.

வளவனூர் தாண்டி சின்னபாபுசமுத்திரம் வரும். இது தமிழ்நாடு. அடுத்து வில்லியனூர். இது புதுச்சேரி. திருக்காமீசுவரர் கோயில் தேரை பிரெஞ்சு கவர்னரே வடம் பிடிச்சு இழுத்த ஊர்.

இந்த ரெண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில்தான் 1954 வரைக்கும் ஒரு சர்வதேச எல்லை இருந்துச்சு. இன்னைக்கு நாம கடலை கொறிச்சுக்கிட்டே தாண்டுற இடம்.

1908-ல் இந்த எல்லையைத் தாண்டி ஒருத்தர் ரயிலில் வந்தார். 'இந்தியா' பத்திரிகை மேல வழக்கு, கைது வாரண்ட் எந்நேரமும் வரலாம் என்ற நிலை. அவருக்கு வயசு 25. பெயர் சுப்பிரமணிய பாரதி.

எல்லைக்கு அந்தப் பக்கம் கைது. இந்தப் பக்கம் எழுதலாம், பேசலாம். அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த பத்து வருஷம் அவர் இங்கதான் இருந்தார். அவருடைய மிகச்சிறந்த படைப்புகள் பலவும் இங்கே பிறந்தவை. பிரிட்டிஷ் உளவாளிகள் ரயில் நிலையத்தில் காத்துக்கிடந்து, யார் வர்றாங்க, யாரைப் பார்க்கப் போறாங்கன்னு குறிப்பெடுத்தாங்க. 1918 நவம்பரில் அவர் எல்லை தாண்டியதும் கடலூர் அருகே கைது செய்யப்பட்டார்.

1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இணைந்தது. எல்லை போனது. ஆனால் மீட்டர் கேஜ் போகலை! இந்தப் பாதை அகலமாகி வண்டி ஓடியது 2004-ல்தான்.

ஒய் டபிள்யூ ஆனதும் என்ன நடந்துச்சு? இன்னைக்கு புதுச்சேரியிலிருந்து டெல்லி, ஹவுரா, புவனேஸ்வர், தாதர் என்று நேரடி வண்டிகள். பாதை 676 மில்லிமீட்டர் அகலமானதில் ஊரே நாட்டோடு ஒட்டிக்கிச்சு.

காரைக்காலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1898-ல் திறந்த பேரளம் - காரைக்கால் பாதை 1980-களின் பிற்பகுதியில் மூடப்பட்டது. 2011-ல் நாகூர் வழியாகத்தான் காரைக்காலுக்கு மறுபடி ரயில் வந்தது. பேரளம் பாதையை அகலப்பாதையாகத் திரும்பப் போட இன்னும் பல வருஷம் ஆச்சு. ஒரு பாதையை மூடுவது ஒரு உத்தரவில் முடிஞ்சிடும். திறக்க ஒரு தலைமுறை ஆகுது.

ஒரு டாக்டரா இதை ஏன் எழுதுறேன்?

காலை வண்டி புதுச்சேரியில் நிற்கும்போது இன்ஜினை மட்டும் படம் எடுக்காதீங்க. இறங்குற சனங்களையும் பாருங்க. பலர் கையில் ஸ்கேன் கவர், பழைய நோட்டு, மருந்துப் பை. ஜிப்மருக்குப் போறவங்க. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு அது. டயாலிசிஸுக்கும் கீமோவுக்கும் திரும்பத் திரும்ப வர்றவங்களுக்குப் பஸ்ஸைவிடக் குறைஞ்ச கட்டணம், கழிப்பறை, கொஞ்சம் சாய்ஞ்சு உட்கார இடம் என்பதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. போக்குவரத்துச் செலவுக்குப் பயந்து பாதியில் சிகிச்சையை விடுறவங்க இருக்காங்க. அவங்களுக்கு பாசஞ்சர் வண்டியும் ஒரு மருந்துதான்.

சென்னை - மாமல்லபுரம் - புதுச்சேரி - கடலூர் கடலோரப் பாதை பல ஆண்டுகளாகத் திட்டமாகவே இருக்கு. அதனால் புதுச்சேரி இன்னமும் பாதை முடியுற ஊர்தான். வடக்கே போகணும்னாலும் தெற்கே போகணும்னாலும் முதலில் மேற்கே விழுப்புரம் போயாகணும், 1879-ல் போன அதே வழியில்.

அடுத்த லீவுல ஒரு டிக்கெட் எடுங்க. கையில் ஒரு பொட்டலம் மல்லாட்டை மறக்காதீங்க. வில்லியனூர் வரும்போது பக்கத்துல பிள்ளைங்க இருந்தா, இங்க ஒரு எல்லை இருந்துச்சுன்னு சொல்லுங்க.