ஆறு கட்டையில் இறங்கிய மைனர்

புதுக்கடைப் பக்கம் கீபோர்டு பழகும் பிள்ளைக்கு ‘ஏ மைனர்’ எளிதாக வரும். கறுப்புக் கட்டையைத் தொடவே வேண்டாம். நம் பாடகர்கள் கணக்கில் அது ஆறு கட்டை. அங்கே ‘ஸ’ வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தினால் முழு, அரை, முழு, முழு, அரை, முழு, முழு என்று இடைவெளி விழும். மைனர் தயார்.

ஐரோப்பாவில் இந்த வரிசைக்கு ஏயோலியன் என்று பெயர். திருச்சபை இசையில் எட்டாக இருந்த பழைய முறைகளோடு நான்கைச் சேர்த்துப் பன்னிரண்டாக்கி, 1547இல் நூல் வெளியிட்டார் சுவிட்சர்லாந்து அறிஞர் கிளேரியானுஸ். அந்த நான்கில் ஏயோலியனும் ஒன்று. பல குரல்கள் சேர்ந்து பாடும்போது அதில் ஒரு குறை தெரிந்தது. கடைசிச் சுரமான நிஷாதத்துக்கும் மேல் ஸ-வுக்கும் நடுவே முழு இடைவெளி. பாட்டு வீடு திரும்பும் இழுப்பு போதவில்லை. நிஷாதத்தை அரைச்சுரம் ஏற்றினார்கள். ஹார்மோனிக் மைனர் பிறந்தது. இப்போது ஆறாம் சுரமான தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் இடையே ஒன்றரைச் சுரப் பள்ளம். குரல் தடுக்கியது. ஏறும்போது தைவதத்தையும் ஏற்றி, இறங்கும்போது இரண்டையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். அது மெலோடிக் மைனர்.

பாரிஸில் அலெக்ஸாந்தர் தெபென் 1842இல் காப்புரிமை பெற்ற ஹார்மோனியம் இதே கட்டைகளோடு இந்தியாவுக்குக் கப்பலேறி வந்தது. காலால் மிதிக்கும் அந்தப் பெட்டியைக் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் கையால் துருத்தி இயக்கும் பெட்டியாக்கினார். கோயில், நாடகக் கொட்டகை, பஜனை மடம் எல்லாவற்றிலும் அது நுழைந்தது. கமகம் என்ற சுர அசைவு அதில் பேசாது என்று அகில இந்திய வானொலி 1940இல் அதை விலக்கிவைத்தது; 1971இல்தான் தடை தளர்ந்தது. புகாரில் நியாயம் உண்டு. கட்டையை அழுத்தலாம், அசைக்க முடியாது.

ஆனால் மைனர் இங்கே புதிதாக வந்து இறங்கிய விருந்தாளி அல்ல. அந்த வெள்ளைக் கட்டை வரிசை நம் கர்நாடக இசையின் 20ஆம் மேளமான, அதாவது தாய் ராகமான, நடபைரவி. நிஷாதத்தை ஏற்றினால் 21, கீரவாணி. தைவதத்தையும் ஏற்றினால் 23, கௌரிமனோகரி. நடுவில் விட்டுப்போன 22 எது? தைவதத்தை மட்டும் ஏற்றிப் பாருங்கள், கரகரப்பிரியா. நான்கும் வேத சக்கரம் என்ற ஒரே வீட்டுப் பிள்ளைகள். அங்கே ஒரு மைனருக்கு மூன்று முகம். இங்கே ஒவ்வொன்றும் தனி ராகம். கௌரிமனோகரி இறங்கும்போதும் கௌரிமனோகரிதான்.

அதற்கும் முந்தைய தடம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. செம்பாலை என்ற பழந்தமிழ்ச் சுர வரிசையின் இரண்டாம் நரம்பான துத்தத்தைக் குரலாக, அதாவது ஸ-வாக, கொண்டால் படுமலைப்பாலை பிறக்கும். செம்பாலை இன்றைய அரிகாம்போதி, படுமலைப்பாலை நடபைரவி என்பது இசை அறிஞர் எஸ். ராமநாதனின் ஆய்வு முடிவு. கீபோர்டிலேயே சோதிக்கலாம்: ஐந்து கட்டையிலிருந்து வெள்ளைக் கட்டைகளை வாசித்தால் அரிகாம்போதி, ஆறுக்கு நகர்ந்தால் நடபைரவி. மைனர் கட்ட இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

புதுக்கடையில் கீபோர்டு வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று மைனரையும் பரீட்சைக்காக மனப்பாடம் செய்ய வைக்கும் அன்றே, 20, 21, 22, 23 என்று அதே ஆறு கட்டையில் வாசித்துக் காட்டுங்கள். பாதிப் பிள்ளைகளுக்காவது கீரவாணி சினிமாப் பாட்டில் ஏற்கெனவே காதில் இருக்கும்.