அட்டவணையில் விழாத வரி



உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குத் தரவுத்தள வினவல் படிப்பிக்கையில், யாழ்ப்பாண மாவட்டக் குடிசன மதிப்பீட்டையே பயிற்சியாக எடுத்தோம்.

இலங்கையில் முதலாவது குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை என்பது வழமை. உலக யுத்தத்தால் 1941இல் நடக்க வேண்டியது 1946க்குத் தள்ளிப்போனது. 1981இல் எண்ணினார்கள். 1991இல் உள்நாட்டு யுத்தத்தால் நடக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம் அதில் இல்லை. 1981க்குப் பிறகு எம்மை முழுமையாக எண்ணியது 2012இல்தான்.

முழுமையான மதிப்பீடுகளை மட்டும் பதிந்து, பத்தாண்டு வரம்புகளாகத் தொகுக்கச் சொன்னோம். 1981–1990 வந்தது. அடுத்த வரி 2011–2020. "சேர், நடுவில இருபது வருசம் எங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

கணினி பிழைவிடவில்லை. பதிவே இல்லாத வரம்புக்குத் தொகுப்பில் வரி விழாது. பூச்சியம் என்றுகூட வராது, சத்தமில்லாமல் விடுபடும்.

பிறகு வரம்பை நாற்பது வருடமாக்கி, 1981–2020க்கு முஸ்லிம் சனத்தொகையின் சராசரி கேட்டோம். இடைவெளி மறைந்து, அழகான ஒரே எண் வந்தது. 1981ஐயும் 2012ஐயும் கூட்டி இரண்டால் பிரித்த எண் அது. அதை நம்பினால், 1995இலும் சோனகத் தெருவில் எமது சனம் வாழ்ந்ததாகிவிடும். ஆனால் 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகள் எம்மை வெளியேற்றியிருந்தார்கள். 1995இல் எம்மில் பலர் புத்தளத்து ஓலைக் குடிசைகளில் இருந்தோம்.

வினவலில் இதற்கு வழி உண்டு. எல்லா வரம்புகளையும் முதலில் தனி அட்டவணையாக எழுதி, அதனோடு தரவை இணைத்தால் வெற்று வரம்பும் வெறுமையாகவே தெரியும். சராசரிக்குப் பக்கத்தில் அது எத்தனை பதிவுகளிலிருந்து வந்தது என்பதையும் காட்ட வேண்டும். வெறுமையைப் பூச்சியமாக்கவும் கூடாது. எண்ணப்படாதவர்கள் இல்லாதவர்கள் அல்லர்.

இந்த இருபது வருடத்தை இனி எந்தத் திணைக்களமும் திரும்பிப்போய் எண்ணப்போவதில்லை. எமது வாப்பா, உம்மாமாருக்கு நினைவிருக்கிறது. அவர்களும் ஒவ்வொருவராக எம்மை விட்டுப் போகிறார்கள். ஒரு கொப்பி எடுங்கள். 1990இல் வீட்டில் எத்தனை பேர், எந்தத் தெரு, பிறகு எந்த ஊர், யார் எப்போது பிறந்தார்கள், யார் எப்போது மௌத்தானார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்று வருடம் போட்டு எழுதுங்கள்.

அந்த வரியை நாம்தான் நிரப்ப வேண்டும்.