எக்ஸ்ப் சார்பு

கணித மேதை ஆய்லர் 1736இல் வெளியிட்ட 'மெக்கானிகா' நூலில் 'ஈ' என்னும் எழுத்தால் குறித்த 2.71828… என்ற மாறிலியை, நாம் கொடுக்கும் எண்ணின் அடுக்குக்கு உயர்த்தித் தரும் 'எக்ஸ்ப்' என்ற சார்பு, ஃபோர்ட்ரான் காலந்தொட்டே நிரல்மொழிகளின் கணித நூலகத்தில் நிரந்தர ஸ்தானம் பெற்றதாகும். சி மொழியின் 1989ஆம் ஆண்டு நியமம் இதனை 'மாத்.ஹெச்' கோப்பில் வைத்தது. ஜாவாவும் பைத்தானும் பெயரையும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டன.

பள்ளியில் பயின்ற முடிவிலித் தொடரை உறுப்பு உறுப்பாகக் கூட்டினால் விடை வந்துவிடுமே, இதற்கொரு நூலகம் எதற்கு என்று புதிதாய் நிரல் எழுதுவோர் எண்ணுவது இயல்பே; அவ்வெண்ணத்தின் விபரீதத்தை −20 என்ற ஒரே எண் காட்டிவிடும். அத்தொடரில் 19ஆம் அடுக்கு உறுப்பும் 20ஆம் அடுக்கு உறுப்பும் தலா 4 கோடியே 31 லட்சம் அளவில், குறி மட்டும் மாறி நிற்கின்றன. இத்தகைய மலைபோன்ற எண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டபின் எஞ்ச வேண்டியதோ 0.00000000206 என்ற அற்பமான விடை. ஏறத்தாழ 16 இலக்கங்களையே தாங்கும் 64 பிட் 'டபுள்' எண்ணில், அப்பெரிய உறுப்பு ஒன்றைத் தோராயமாக்கும்போது நேரும் பிழையே இவ்விடையை விஞ்சக்கூடும்.

ஆகவே நூலகம் வேறு மார்க்கத்தில் செல்கிறது. கொடுத்த எண்ணிலிருந்து 2இன் இயல்மடக்கையான 0.6931…இன் முழுமடங்கு ஒன்றைக் கழித்துவிட்டால், மீதி 0.3466க்கு மேற்படாது, அச்சிறு எல்லைக்குள் குறைந்த படியுடைய பல்லுறுப்புக்கோவையே போதும், கழித்த மடங்கு 2இன் அடுக்காகத் திரும்புவதால், எண்ணின் அடுக்குப் பகுதியைத் திருத்துவதோடு வேலை முடிகிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் 'எஃப்டிலிப்எம்' நூலகம் அம்மடக்கையையும் இரு துண்டாக்கி, பெரிய துண்டின் கடைசிப் பிட்டுகளைப் பூஜ்யமாக்கி வைத்திருப்பதால், முழுமடங்கோடு பெருக்கும்போது ஓர் இம்மியும் சிதறுவதில்லை. இந்த நுட்பமே இச்சார்பின் உயிர்நிலை என்னலாம்.

கொடுக்கும் எண் 709.78ஐத் தாண்டினால் விடை 'டபுள்' எண்ணின் கொள்ளளவை மீறும். அவ்வேளையில் சி மொழி சாதாரணமாக முடிவிலியைத் தந்து நிரலைத் தொடரவிடுகிறது; பைத்தானோ பிழை எழுப்பி நின்றுவிடுகிறது. −745.13க்குக் கீழே இரண்டிலும் பூஜ்யமே.

மிகச் சிறிய எண்களுக்கு எக்ஸ்ப் கண்டு அதிலிருந்து 1ஐக் கழிப்பதும் அபாயகரமானதே. 10இன் −10ஆம் அடுக்கைக் கொடுத்து இவ்வாறு கழித்தால், 1.00000000005 என்று தொடங்க வேண்டிய விடை 1.00000008 என்று தொடங்கும். சார்பு பிழைபட்டதன்று, 1ஐ ஒட்டி நிற்கும் எண்ணில் சிறு பகுதியின் பின்னிலக்கங்களுக்கு இடமில்லை. 1999ஆம் ஆண்டின் சி நியமம் சேர்த்துக்கொண்ட 'எக்ஸ்ப்எம்1', அக்கழித்தலைத் தன்னுள்ளேயே அடக்கி, சரியான இலக்கங்களைத் தருகிறது.