இங்கிலாந்தின் தேசிய ஆசிரியர் சங்கம்

தொழிற்சங்கம் என்றதும் ஆலையும் சுரங்கமும் துறைமுகமும் நினைவுக்கு வருவது இயல்பு. கரும்பலகையின் முன் நிற்பவர் அவ்வரிசையில் தாமும் சேர்க்கப்படுவதை நெடுங்காலம் விரும்பினாரல்லர். தாம் கூலியாள் அல்லர், அறிவுத்தொழில் புரிபவர் என்ற பெருமிதம் ஒருபுறம். கைக்கு வரும் சொற்ப ஊதியம் மறுபுறம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இயங்கிய தேசிய ஆசிரியர் சங்கத்தின் வரலாறு இவ்விரண்டுக்கும் இடையே நடந்த இழுபறியின் வரலாறு எனலாம்.

சங்கம் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே அதற்கான காரணம் பிறந்துவிட்டது. 1862-இல் இராபர்ட் லோ கொணர்ந்த திருத்திய கல்விவிதி, அரசின் மானியத்தை மாணவரின் தேர்ச்சியோடு பிணைத்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வாளர் வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். ஒரு பாடத்தில் ஒரு பிள்ளை தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் மானியம் போய்விடும். அந்த இழப்பு பெரும்பாலும் ஆசிரியரின் ஊதியத்திலேயே எதிரொலித்தது. விளைவு என்ன? ஆய்வுநாள் நெருங்க நெருங்க வகுப்பறை மனப்பாடக் கூடமாயிற்று. கையிலுள்ள புத்தகத்தைப் பாராமலே பிள்ளைகள் ‘வாசித்தனர்’. நோயுற்ற குழந்தையையும் ஆய்வுநாளில் பள்ளிக்கு வரவழைக்க வேண்டியதாயிற்று. கல்வியைச் சரக்காக நிறுத்துப் பார்க்கும் இம்முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் சென்னை மாகாணத்தையும் வந்தடைந்தது என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

போஸ்டரின் தொடக்கக் கல்விச் சட்டமுன்வரைவு நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டுவந்த 1870 சூனில், இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஆசிரியர்கள் கூடித் தேசியத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கத்தை நிறுவினர். அதுவரை திருச்சபைப் பள்ளியார், சபை சாராப் பள்ளியார் எனச் சமயவழி பிரிந்து கிடந்தவர்கள் ஓரமைப்பில் சேர்ந்ததே பெருஞ்செயல். 1889-இல் பெயரிலிருந்து ‘தொடக்கப்பள்ளி’ என்னும் சொல் நீங்கியது. தேர்ச்சிவழி மானியத்தை ஒழித்தல், ஓய்வூதியம், பணிப்பாதுகாப்பு, கற்பித்தலுக்குப் புறம்பான கட்டாய வேலைகளிலிருந்து விடுதலை ஆகியன அதன் தொடக்கக் கோரிக்கைகளுள் முதன்மையானவை. கடைசிக் கோரிக்கை இன்று விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அக்காலச் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கவும், பாடற்குழுவைப் பயிற்றவும் கடமைப்பட்டிருந்தார். மறுத்தால் வேலை போகும். வேலையோடு பள்ளி வளாகத்து வீடும் போகும்.

ஊர்தோறும் கிளைகள், அவற்றின் மேல் ஈஸ்டர் விடுமுறையில் கூடும் ஆண்டு மாநாடு, மாநாட்டின் முடிவுகளை நடைமுறைப்படுத்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட செயற்குழு என்பதே அமைப்பு. கிளை அனுப்பும் தீர்மானம் மாநாட்டில் வென்றால்தான் சங்கத்தின் கொள்கையாகும். எனினும் தனி உறுப்பினர் சங்கத்தின் பயனை உணர்ந்தது மாநாட்டு மேடையில் அன்று. முறையற்ற பணிநீக்க ஆணை கையில் கிடைத்த நாளில்தான். அவருக்காக வழக்குரைஞரை அமர்த்தியது சங்கம். வேலையின்றி நின்ற காலத்தில் நிதியிலிருந்து உதவித்தொகையும் தந்தது. அரசியல் களத்திலும் அது விழிப்பாயிருந்தது. 1892 முதல் 1924 வரை பொதுச்செயலாளராயிருந்த ஜேம்ஸ் யாக்சல், 1895 முதல் 1918 வரை நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். 1890-களில் தேர்ச்சிவழி மானியம் படிப்படியாகக் கைவிடப்பட்டது. 1898-இல் ஓய்வூதியச் சட்டம் வந்தது. கூச்சலின்றி, காத்திருந்து, காரியம் முடிக்கும் வழி அவருடையது.

அந்த வழியின் எல்லையைக் காட்டியது நார்போக் மாவட்டத்துப் பர்ஸ்டன் என்னும் சிற்றூர். அங்குத் தலைமையாசிரியை கிட்டி ஹிக்டன். உதவியாசிரியர் அவர் கணவர் டாம் ஹிக்டன். டாம் உழவுத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவர். 1913-இல் ஊராட்சித் தேர்தலில் அவர் முதலிடம் பெற, பள்ளி நிர்வாகக் குழுவில் செல்வாக்குடைய தேவாலயக் குரு கடைசியிடம் பெற்றார். பகைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மழையில் நனைந்து வந்த பிள்ளைகளின் உடைகளை உலர்த்த அனுமதியின்றி அடுப்பு மூட்டினார் என்பது முதலாகக் கிட்டியின்மீது குற்றங்கள் அடுக்கப்பட்டன. கணவன் மனைவி இருவரும் நீக்கப்பட்டனர்.

1914 ஏப்ரல் முதல் நாள் காலை, அப்பள்ளியின் 72 பிள்ளைகளில் 66 பேர் கொடியேந்தி ஊர்வலமாகப் புறப்பட்டனர். ஊர்ப் பசும்புல் வெளியில் ஹிக்டன் இணையர் அவர்களுக்குப் பாடம் நடத்தினர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று பெற்றோருக்கு நீதிமன்றம் தண்டம் விதித்தது. ஆதரவாளர் திரட்டிய பணம் அதைக் கட்டியது. சுரங்கத் தொழிலாளரும் இரயில்வே தொழிலாளரும் நன்கொடை அனுப்ப, 1917-இல் தனிக் கட்டடமே எழுந்தது. டாம் மறைந்த 1939 வரை அப்பள்ளி நடந்தது. உறுப்பினர்களின் வழக்கை நடத்திக்கொடுத்த தேசிய ஆசிரியர் சங்கமோ, வேலைநிறுத்தத்துக்குத் துணைநிற்கத் தயங்கியது. விதிகளின்படி அத்தயக்கத்துக்கு விளக்கம் இருக்கலாம். சுரங்கத் தொழிலாளிக்கு விளங்கிய நியாயம், ஆசிரியரின் சொந்தச் சங்கத்துக்கு உடனே விளங்காமற்போனது அதன் வரலாற்றில் ஒரு குறையே.

1919-இல் பர்ன்ஹாம் பிரபுவின் தலைமையில் ஊதியக் குழு அமைந்தது. ஒருபக்கம் கல்வி அதிகாரிகளின் பிரதிநிதிகள், மறுபக்கம் ஆசிரியர் பிரதிநிதிகள். ஆசிரியர் தரப்பில் பெரும்பான்மை தேசிய ஆசிரியர் சங்கத்துக்கே. ஊருக்கு ஊர் மாறிய ஊதியம் நாடு தழுவிய அளவைப் பெற்றது. அந்த அளவைக் காப்பதற்கும் போராட வேண்டியிருந்தது. 1923-இல் லோஸ்டாப்ட் நகரம் ஊதியத்தைக் குறைக்க முற்பட்டபோது, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பணியாற்ற மறுத்தனர். சங்கம் இம்முறை தயங்கவில்லை. தன் செலவில் மாற்றுப் பள்ளிகள் நடத்தி, பிள்ளைகளின் படிப்பும் கெடாமல், பதினொரு மாதம் தாக்குப்பிடித்து, நகர நிர்வாகத்தை இறங்கிவரச் செய்தது.

பர்ன்ஹாம் அளவு ஒரு பெரும் அநீதியையும் நிலைப்படுத்திற்று. ஒரே வகுப்பில் ஒரே பாடம் நடத்திய பெண்ணுக்கு ஆணின் ஊதியத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே கிடைத்தது. சங்க உறுப்பினரில் பெரும்பாலோர் பெண்களாயிருந்தும், 1911-இல்தான் இசபெல் கிளெகார்ன் முதற் பெண் தலைவரானார். சம ஊதியக் கொள்கையைச் சங்கம் 1919-இல் ஏற்றது. ஏட்டளவில் ஏற்றது என்பதே பொருத்தம். பொறுமையிழந்த பெண்கள் 1920-இல் தனிச் சங்கம் கண்டனர். அந்த ஏட்டளவு ஏற்பைக்கூடப் பொறாத ஆண்களுள் ஒரு சாரார் 1922-இல் வெளியேறித் தமக்கெனச் சங்கம் வைத்துக்கொண்டனர். இருபுறமும் இழுபட்டு நடுவில் நின்றது தாய்ச்சங்கம்.

1944 மார்ச்சில், போர் நடுவே, பெண் ஆசிரியருக்குச் சம ஊதியம் வழங்கும் திருத்தம் நாடாளுமன்றத்தில் 117-க்கு 116 என ஒரே வாக்கில் வென்றது. சர்ச்சில் அதனைத் தம் அரசின்மீதான நம்பிக்கைப் பிரச்சினையாக்கி, மறுவாக்கெடுப்பில் முறியடித்தார். மணமான ஆசிரியையை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் மட்டும் அவ்வாண்டுக் கல்விச் சட்டத்தால் ஒழிந்தது. சம ஊதியம் 1955-இல் ஒப்புக்கொள்ளப்பட்டு, தவணை தவணையாக 1961-இல் முழுமையடைந்தது. தன் நோக்கம் நிறைவேறியதும் பெண்கள் சங்கம் அவ்வாண்டே தன்னைக் கலைத்துக்கொண்டது. அமைப்பு நிலைப்பதற்காகவே நோக்கங்களைத் தேடும் சங்கங்கள் நிறைந்த உலகில் இஃது அரிய செயல்.

தொழிற்சங்கப் பேராயத்தில் தேசிய ஆசிரியர் சங்கம் சேர்ந்தது 1970-இல்தான். அந்த இழுபறி தீர நூறாண்டு பிடித்தது. 1980-களின் நடுவில் நீண்ட போராட்டங்கள் நிகழ்ந்தன. அவற்றைத் தொடர்ந்து 1987-இல் சட்டம் ஒன்று பர்ன்ஹாம் குழுவையே நீக்கிற்று. 1991 முதல், சங்கங்கள் நேருக்கு நேர் பேரம் பேசும் நிலை மாறி, மறுஆய்வுக் குழுவிடம் சான்றுரை அளிப்பதாயிற்று. 2016-இன் தொழிற்சங்கச் சட்டம், வாக்குரிமையுள்ளோரில் பாதிப்பேரேனும் அஞ்சலில் வாக்களித்தால்தான் வேலைநிறுத்தம் செல்லும் என்று விதித்தது.

2017 செப்டம்பரில் தேசிய ஆசிரியர் சங்கம் மற்றோர் ஆசிரியர் அமைப்புடன் இணைந்து தேசியக் கல்விச் சங்கமாயிற்று. 2023 சனவரியில் இங்கிலாந்து ஆசிரியரிடையே அது நடத்திய வாக்கெடுப்பில் 53 விழுக்காட்டினர் பங்கேற்று அந்த வரம்பைக் கடந்தனர். அவருள் 90 விழுக்காட்டினர் வேலைநிறுத்தத்தை ஆதரித்தனர். சில மாதப் போராட்டத்துக்குப்பின் அவ்வாண்டு சூலையில் 6.5 விழுக்காட்டு ஊதிய உயர்வு கிட்டியது. 1922-இல் பிரிந்துபோன ஆண்களின் சங்கமோ 1976-இல் ஒரு பெண் ஆசிரியர் சங்கத்துடன் இணைந்தது. 2017-இன் இணைப்பில் சேராமல் தனித்தே நின்றது.